கிறிஸ்தவ நம்பிக்கைக்கும் பாப்புலிச அரசியலுக்கும் என்ன உறவு?

குன்னூரில் சி.எஸ்.ஐ. சபைக்குப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் ஊரில் பாப்புலிசம் என்றதும் இலவச மிக்சி, கிரைண்டர்தான் ஞாபகம் வரும். கேள்வி அதைப் பற்றியது அல்ல. 'நீங்கள்தான் அசல் மக்கள், உங்களுக்காகப் பேச நான் ஒருவன்தான்' என்று ஒரு தலைவர் கிளம்புவாரே, அது.

ஐரோப்பாவில் அப்படிப்பட்டவர்களுக்குச் சிலுவை பெரும்பாலும் நம்மவர் யார், அந்நியர் யார் என்று பிரிக்கும் எல்லைக்கல்தான். இத்தாலியில் உள்துறை அமைச்சராக இருந்த சல்வீனி ஜெபமாலைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டே அகதிகளுக்குத் துறைமுகத்தை மூடினார். ஜெர்மனியின் கத்தோலிக்க ஆயர்களோ 2024 பிப்ரவரியில், இனவாதத் தேசியமும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகாது என்று அறிக்கையே விட்டார்கள்.

அமெரிக்கா வேறு கதை. 2016-ல் வெள்ளை இவாஞ்சலிக்கர்களில் (பைபிளையும் மனமாற்ற அனுபவத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டன்டுகள்) ஏறக்குறைய 80 சதவீதம் டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டார்கள். பைபிள் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. வாராவாரம் கோயிலுக்குப் போகிறவர்கள் அதில் ஏராளம். என்னைக் கேட்டால் அது ஒரு பேரம். கருக்கலைப்பை எதிர்க்கும் நீதிபதிகளைத் தருகிறேன் என்றார். உச்ச நீதிமன்றத்துக்கு மூன்று பேரை நியமித்தார். 2022-ல், கருக்கலைப்பை உரிமையாக்கியிருந்த ரோ எதிர் வேட் தீர்ப்பு ரத்தானது. சொன்னதைச் செய்தார், அதை மறுக்க முடியாது. ஆனால் 2020 ஜூன் 1 அன்று, போராடியவர்களைப் போலீஸ் விரட்டிய கையோடு, வாஷிங்டன் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தின் முன் பைபிளைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டாரே, அதுவும் அந்தப் பேரத்தில் சேர்த்திதான். அப்பகுதியின் பெண் பேராயர் வெளிப்படையாகக் கண்டித்தார்.

பைபிளில் யோவான் 6-ம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அப்பம் தின்று வயிறு நிறைந்த ஐயாயிரம் பேர், இயேசுவைப் பிடித்து ராஜாவாக்கப் பார்க்கிறார்கள். அவர் தனியாக மலையேறிப் போய்விடுகிறார்.

நாங்கள் ஏற்கெனவே மலையில் இருக்கிறோம். அதனால் யோக்கியர் ஆகிவிடவில்லை. நீலகிரியில் பத்தில் ஒருவர் சொச்சம்தான் கிறிஸ்தவர்கள், பேரமும் அதற்கேற்ற அளவு. ஒரு தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வேட்பாளர் ஒருவர் வந்தார். வழிபாட்டுத் தலத்தில் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது விதி, ஆகவே 'ஆசி வாங்க' வந்ததாகக் கணக்கு. பொன்னாடை போர்த்தினோம். கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் கேட்டோம். பீடத்தருகே நின்று பேச மைக்கும் கொடுத்தோம். கமிட்டியில் வாய் திறக்காதவர்களில் நானும் ஒருவன்.

சுவர் பாதியில் நிற்கிறது. காட்டெருமைகள் மீதிப் பாதி வழியாக வந்துபோகின்றன.