வாசகர் கேள்வி-பதில்: நாடகக்காரர் வீட்டுப் படங்கள்

கேள்வி: என் தாத்தா சிறுவயதில் பாய்ஸ் கம்பெனியில் நடித்தவர் என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். அவருடைய டிரங்குப் பெட்டியில் இரண்டு படங்கள் கிடைத்தன. ஒன்றில் பட்டுப் புடவையும் ஒட்டியாணமுமாக ஓர் இளம்பெண் தனியாக நிற்கிறார். இன்னொன்று பெரிய குழுப் படம். அந்தப் பெண் தாத்தாவின் தங்கை என்று சிலரும், முதல் மனைவி என்று சிலரும் சொல்கிறார்கள். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தங்கையா, மனைவியா என்று முடிவு செய்வதற்கு முன், அது உங்கள் தாத்தாவேதானா என்று பாருங்கள். பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் (கோமாளி) ஆகிய எல்லா வேடங்களையும் பையன்களே கட்டினார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளையே பெண் வேடங்களுக்குப் பெயர் பெற்றவர், மகன் டி.கே. சண்முகமோ ஔவையாராக நடித்து, ஔவை சண்முகம் என்றே அழைக்கப்பட்டார். பெண் வேடத்தில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது நடிகனுக்குப் பெருமையாக இருந்த காலம் அது.

முகத்தை ஒப்பிடாதீர்கள், ஒப்பனை முகத்தை மாற்றிவிடும். காதைப் பாருங்கள். தாத்தாவின் பிற்காலப் படம் ஒன்றை எடுத்து, காதின் மேல் வளைவு, மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும் விதம், கை விரல்களின் நீளம் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். நெற்றியில் விக் முடியும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் பையனின் ஸ்திரீபார்ட் வாழ்க்கை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே அது தாத்தாதான் என்று தெரிந்தால், படம் எடுக்கப்பட்டபோது அவருக்கு ஏறத்தாழ என்ன வயது என்பதும் தெரிந்துவிடும்.

குழுப் படத்தில் நடுநாற்காலியில் இருப்பவர் நாடகம் கற்றுக்கொடுத்த வாத்தியாராகவோ கம்பெனி முதலாளியாகவோ இருக்கலாம். ஹார்மோனியக்காரரைத் தேடுங்கள், அவர் பல கம்பெனிகளில் வாசித்திருப்பார், அவருடைய பெயர் நோட்டீஸ்களில் தவறாமல் வரும். நடிகர்களின் சட்டையில் பதக்கங்கள் தொங்கினால், படத்தை அதிகத் துல்லியத்தில் ஸ்கேன் செய்து அந்த இடத்தை மட்டும் பெரிதாக்குங்கள். பதக்கத்தில் ஊர்ப்பெயரும் ஆண்டும் வெட்டியிருப்பதுண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் அது படிக்கக் கிடைக்கும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்க முயலாமல் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள்; உரித்தால் முகமே கண்ணாடியில் தங்கிவிடும்.

கேள்வி: எங்களிடம் ஒரு நாடக நோட்டீஸ் இருக்கிறது. ‘பிப்ரவரி 14, சனிக்கிழமை இரவு’ என்று இருக்கிறதே தவிர, ஆண்டு இல்லை. இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்டு. பிப்ரவரி 14 சனிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1920, 1925, 1931, 1942 என்று விட்டுவிட்டே வருகின்றன. நோட்டீஸின் மூலையில் தமிழ் வருஷப் பெயர் இருந்தால் வேலை முடிந்தது. பிரமோதூத என்றிருந்தால் அது 1931, ரக்தாட்சி என்றிருந்தால் 1925. அதுவும் இல்லையென்றால் அடிவரியைப் பாருங்கள். 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரும் இடமும் போட்டாக வேண்டியிருந்ததால், எந்த ஊர் அச்சகம் என்பதாவது தெரியும். டிக்கெட் விலை அணாக் கணக்கில் இருப்பதை வைத்துக் காலத்தை மிகவும் முன்னே தள்ளிவிடாதீர்கள். நயா பைசா வந்தது 1957-இல்தான்.

இதே கம்பெனியின் வேறு நோட்டீஸ்களோடு ஒப்பிட வேண்டுமானால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றில் நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. மற்றவர்கள் கிழித்துப் போட்ட காகிதத்தை அவர் பத்திரப்படுத்தியதற்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

கேள்வி: பாட்டி ஸ்பெஷல் நாடகங்களில் (பல ஊர் நடிகர்கள் ஒரு நாடகத்துக்காக மட்டும் கூடி நடிப்பவை) நடித்தவர். அவருடைய இனிஷியலும் அவர் அண்ணனின் இனிஷியலும் வேறு வேறாக இருக்கின்றன. பெரியவர்கள் பேச மறுக்கிறார்கள். வம்சாவளிப் படத்தில் எப்படிக் காட்டுவது?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: மேடைப் பெயரில் முதல் எழுத்து பெரும்பாலும் ஊரைக் குறிக்கும். அடுத்த எழுத்து தந்தையுடையதாகவும் இருக்கலாம், தாயுடையதாகவும் இருக்கலாம். மேடைப் பாடகர்களான இருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயரில் இருப்பவை செங்கோட்டையும் தந்தை கங்காதர ஐயரும், கே.பி. சுந்தராம்பாளின் பெயரில் இருப்பவை கொடுமுடியும் தாய் பாலாம்பாளும். எனவே இனிஷியல் வேறுபடுவதாலேயே அண்ணன் தங்கை உறவு பொய் என்று ஆகிவிடாது. பாட்டி தாயின் பெயரையும் அண்ணன் தந்தையின் பெயரையும் வைத்துக்கொண்டிருக்கலாம். தந்தையர் வேறாகவும் இருந்திருக்கலாம்.

பெரியவர்களை நெருக்காதீர்கள். பரணில் மொய் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ‘மணப்பாறை மாமா 5 ரூபாய்’ என்பது போன்ற ஒரு வரி, நேரில் கேட்டால் கிடைக்காத உறவைச் சொல்லிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகைகளில் அழைப்பவர்களின் வரிசையையும், கருமாதிப் பத்திரிகைகளில் மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகளின் பெயர்களையும் பாருங்கள். வீடோ நிலமோ வாங்கி விற்றிருந்தால், பத்திரத்தில் இன்னாருடைய குமாரத்தி, இன்னாருடைய மனைவி என்று எழுதியிருக்கும். பத்திரம் தொலைந்திருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பெறலாம்.

தந்தை யார் என்பது தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெற்றாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். ஆனால் தாயின் பெயரையும், இரண்டாம் குடும்பம் ஏதும் இருந்தால் அவர்களுடைய பெயர்களையும் கட்டாயம் எழுதுங்கள். ராத்திரி முழுக்க மேடையில் பாடி அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட பெண்ணை, மரியாதை கருதி என்று சொல்லி வம்சாவளியிலிருந்து நீக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்: மொய் நோட்டா, பத்திரமா, யாரேனும் வாயால் சொன்னதா என்று. படங்களின் பின்புறம் எழுதுவதானால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், மெல்லிய பென்சிலே போதும்.