மூளை, தண்டுவடம், ரத்தநாளம்: பிறவி அமைப்புப் பிழைகள் பற்றிய கேள்வி பதில்

மூளையிலும் தண்டுவடத்திலும் அவற்றின் ரத்தநாளங்களிலும் பிறவியிலேயே அமைந்துவிடும் பிழைகள் குறித்து வந்த கேள்விகளில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நரம்பியல் அறுவை மருத்துவனாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் படங்களை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. போன மாதம் முதன்முறையாக வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் வலப்பக்க முன்மூளையில் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஏ.வி.எம். இருக்கிறது, இதுவரை ரத்தக்கசிவு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் எடுத்துவிடலாம் என்கிறார்; இன்னொருவர் தொடவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவருமே காரணத்தோடுதான் சொல்கிறார்கள். ஏ.வி.எம். என்பது தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிட்ட ரத்தநாளப் பின்னல். இயல்பாக, தமனியில் அழுத்தத்தோடு வரும் ரத்தம் நுண்குழாய்களுக்குள் புகுந்து வேகம் தணிந்த பிறகே சிரைக்குப் போகிறது. ஏ.வி.எம்.மில் இடையில் அந்த நுண்குழாய்கள் இல்லை. வாய்க்காலும் மடையும் இல்லாமல் ஏரி மதகை நேராக வயலுக்குள் திறந்துவிட்டதைப் போல, தமனியின் வேகம் முழுவதும் அதைத் தாங்குவதற்கென்று அமையாத சிரையின்மேல் விழுகிறது.

தொட வேண்டாம் என்பவர் மனத்தில் இருப்பது 2014இல் 'லான்செட்' இதழில் வெளியான அருபா ஆய்வாக இருக்கலாம். கசியாத ஏ.வி.எம். உடைய 223 பேரைச் சராசரியாக 33 மாதங்கள் கவனித்ததில், மருந்து மட்டும் பெற்றவர்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும், ஏ.வி.எம்.மை அகற்றவோ அடைக்கவோ சிகிச்சை பெறும் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. ஆனால் 33 மாதம் என்பது 24 வயதுக்காரருக்கு மிகக் குறுகிய காலம். கசியும் ஆபத்தை ஆண்டுக்கு 2 விழுக்காடு என்று குறைவாகவே கொண்டாலும், 40 ஆண்டுகளில் ஒரு முறையாவது கசியும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. அதோடு, அந்த ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்கள் சிலரே.

ஆகவே, நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது 'ஸ்பெட்ஸ்லர்–மார்ட்டின் தரம் எத்தனை' என்பதைத்தான். 1986இல் வந்த இந்தத் தரவரிசை மூன்றைப் பார்க்கிறது: அளவு, பேச்சு அல்லது கைகால் அசைவு போன்ற முக்கியமான பகுதியில் இருக்கிறதா என்பது, ரத்தம் ஆழத்திலுள்ள சிரைகளுக்கு வடிகிறதா என்பது. 1, 2 தரங்களில் அறுவை நல்ல பலன் தருகிறது. 4, 5 தரங்களைப் பெரும்பாலும் தொடாமல் விடுவதே நலம். கதிர்வீச்சு முறையான காமா நைஃபில் மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை என்றாலும், பின்னல் மூடிப்போக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை கசியும் ஆபத்து நீங்குவதில்லை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், ரத்தநாளத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி எடுக்கும் கதீட்டர் ஆஞ்சியோகிராம் படத்தில் தரம் 1 என்று உறுதியானால், இத்தகைய அறுவையை அடிக்கடி செய்யும் மையத்தில் எடுத்துவிடும் பக்கமே நான் சாய்வேன். எந்த முடிவானாலும் வலிப்பு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது.

கேள்வி: தலைவலிக்காக எடுத்த படத்தில் 'டெவலப்மென்டல் வீனஸ் அனாமலி' என்று எழுதியிருக்கிறது. இதையும் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விரித்த குடையின் கம்பிகள் போலச் சிறு சிரைகள் கூடி ஒரு பெருஞ்சிரையில் சேரும் அமைப்பு அது. நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கக்கூடியது. தோற்றம் மாறியிருந்தாலும் அது வடிப்பது நல்ல மூளையின் ரத்தத்தை. அதை அடைத்தால் அந்தப் பகுதி வீங்கிக் கெட்டுவிடும். அருகில் கேவர்னோமா என்ற ரத்தநாளத் திரள் எதுவும் இல்லை என்று ரேடியாலஜி மருத்துவர் சொல்லிவிட்டால், தலைவலிக்கு வேறு காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: கேவர்னோமா என்று எம்.ஆர்.ஐ. சொல்கிறது, ஆஞ்சியோகிராமில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: எம்.ஆர்.ஐ.யை. மல்பெரிப் பழம் போல் சிறு சிறு அறைகளாக இருக்கும் இதில் ரத்தம் ஏறக்குறைய தேங்கியே நிற்பதால், ஓடும் ரத்தத்தைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் அது தெரிவதில்லை. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தாலோ, ஒருவருக்கே பல இடங்களில் இருந்தாலோ மரபுவழி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: பிறந்து 40 நாளான என் பெண் குழந்தைக்கு இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் நடுவில் ஒரு சிறு குழியும் அதைச் சுற்றி முடிக்கற்றையும் இருக்கின்றன. மாமியார் அதிர்ஷ்ட மச்சம் என்கிறார். காட்ட வேண்டுமா?

பதில்: இந்த வாரமே காட்டுங்கள். ஆசனவாய்க்கு மேலே இரண்டரை சென்டிமீட்டருக்குள், பிட்டப் பிளவின் நடுவில், அரை சென்டிமீட்டருக்கும் சிறியதாக இருக்கும் குழி பல குழந்தைகளுக்கு உண்டு. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதைவிட மேலே இருக்கும் குழியும், முடிக்கற்றையும், மெத்தென்ற கட்டியும், செந்நிறத் திட்டும் வேறு வகை. தோலும் நரம்பு மண்டலமும் கருவில் ஒரே படலத்திலிருந்து பிரிவதால், பிரிவதில் ஏற்பட்ட பிழையைத் தோல் வெளியில் காட்டிக்கொடுக்கிறது. சில குழிகள் தண்டுவட உறை வரைக்கும் துளையாகவே செல்லும். அதன் வழியே கிருமி புகுந்தால் மூளைக்காய்ச்சல். குழியைக் குச்சியாலோ பஞ்சாலோ நோண்டவே கூடாது.

இன்னொன்று, தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டு நிற்பது. சாதாரணமாகத் தண்டுவடத்தின் நுனி இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளுக்கு அருகில் முடிந்துவிடும். கீழே ஒட்டியிருந்தால் பிள்ளை வளர வளர அது இழுபடும். சிறுநீரை அடக்கப் பழகிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கும். ஒரு பாதம் மட்டும் சிறுத்து வளையும். செருப்பு வாங்கும்போது இடது காலுக்கு ஓர் அளவு, வலது காலுக்கு வேறோர் அளவு என்று கடைக்காரர்தான் முதலில் சொல்வார். இழந்த சிறுநீர்க் கட்டுப்பாடு அறுவைக்குப் பிறகு முழுமையாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். முதல் மூன்று மாதங்களுக்குள் முள்ளெலும்பு முழுதாக இறுகியிராததால், மயக்கம் கொடுக்காமலே அல்ட்ராசவுண்டில் ஓரளவு பார்த்துவிடலாம்.

கேள்வி: முதல் குழந்தை முதுகில் திறந்த புண்ணோடு பிறந்து இறந்துவிட்டது. கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார்கள். அடுத்த குழந்தைக்கு என்ன செய்யலாம்?

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, அந்தப் பழியை முதலில் இறக்கி வையுங்கள். மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும்; மூடாத இடமே இப்படித் திறந்த புண்ணாகிறது. மாதவிடாய் தள்ளிப்போனதைப் பலர் கவனிக்கும்போதே அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே கர்ப்பம் உறுதியான பிறகு ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குவது இதற்குப் பயன்படாது. முன்பு இப்படிக் குழந்தை பிறந்த தாய்மார்களுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த, 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. நம் மருந்துக்கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரை எளிதில் கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டு, கருத்தரிக்க முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வலிப்புக்கு வால்புரோயேட் எடுப்பவராக இருந்தால் கருத்தரிப்பதற்கு முன்பே மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்துக்குள் அனாமலி ஸ்கேன் அவசியம்.

கேள்வி: இருமினால் பிடரியில் மின்னல் வெட்டியது போல வலித்துச் சில நொடிகளில் அடங்குகிறது. சிறுமூளை 7 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்கிறார்கள். அறுவை கட்டாயமா?

பதில்: இது கியாரி அமைப்புப் பிழை. பிராகில் பணியாற்றிய ஹான்ஸ் கியாரி 1891இல் விவரித்ததால் அந்தப் பெயர். சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டின் கீழ்த்துளையைத் தாண்டி 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் அப்படிச் சொல்கிறோம். எண் மட்டும் முடிவு செய்வதில்லை. தொந்தரவே இல்லாமல் 10 மில்லிமீட்டரோடு வாழ்பவர்களும் உண்டு. கழுத்தையும் முதுகையும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுத்து, தண்டுவடத்துக்குள் நீர்க்குழி இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெண்மணி தலைவலி என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தோசைக்கல்லில் விரல் பட்டுத் தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான், தன் கைக்குச் சூடு தெரியவில்லை என்பதை அவர் உணர்ந்தார். நீர்க்குழி சூட்டையும் வலியையும் கடத்தும் நரம்பிழைகளை முதலில் தாக்கும். தொடுவுணர்வு அப்படியே இருக்கும். நீர்க்குழி இருந்தால் பின்மண்டையில் எலும்பை எடுத்து இடம் விடும் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். இல்லையென்றால், இருமல் வலி அன்றாட வாழ்வை எவ்வளவு கெடுக்கிறது என்பதைப் பொறுத்து நீங்களும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

கேள்வி: என் தம்பிக்கு மூளையில் ஏ.வி.எம். இருக்கிறது. நாங்களும் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமா? அப்பா தன் அத்தை மகளைத்தான் திருமணம் செய்துகொண்டார்.

பதில்: உறவுத் திருமணம் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை, மூளை ஏ.வி.எம். பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வதில்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது சிறு வயதிலிருந்து அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிகிறதா, உதட்டிலும் விரல் நுனியிலும் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் எச்.எச்.டி. என்ற மரபுநோயாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. அதில் நுரையீரலிலும் இதே பின்னல் உண்டாகும் என்பதால், மூளையோடு நெஞ்சையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நுரையீரலில் அது இருந்தால், பல் பிடுங்கப் போகும்போதும் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.