மரம் விற்ற பணம், ஏழு வருடக் காத்திருப்பு: டிவிடெண்ட் பங்கு கைகொடுக்குமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பழைய ரப்பர் மரங்களை முறித்து விற்றதில் 8 லட்சம் கையில் இருக்கிறது. புதுக் கன்று வைத்தாயிற்று. பால் வெட்ட ஏழு வருடமாகும். மார்க்கெட் இறங்கிக் கிடக்கும்போதே 9 சதவீதம் டிவிடெண்ட் தரும் பங்குகளை வாங்கிப் போட்டால் பேங்க் வட்டியைவிட மேல் என்கிறான் மகன். போடலாமா?”

போடலாம். ஆனால் எட்டு லட்சத்தையும் போட வேண்டாம். அந்த 9 சதவீதத்தை நம்பியும் போட வேண்டாம்.

டிவிடெண்ட் என்பது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். அந்தச் சதவீதக் கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். 300 ரூபாய்ப் பங்குக்குப் போன வருடம் 15 ரூபாய் டிவிடெண்ட் என்றால் 5 சதவீதம். சந்தை விழுந்து பங்கு 180 ரூபாய்க்கு வந்தால் அதே 15 ரூபாய் 8.3 சதவீதமாகத் தெரியும். கம்பெனி காலணா கூட்டிக் கொடுக்கவில்லை, விலைதான் இறங்கியது. இந்த வருடம் லாபம் குறைந்து 6 ரூபாய்தான் அறிவித்தால், 180க்கு வாங்கியவருக்குக் கிடைப்பது 3.3 சதவீதம்.

இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்தை முறிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் கடைசி இரண்டு மூன்று வருடம் ஏணி வைத்து மேலே வரை வெட்டுவோம். பால் கொட்டும். அந்தப் பாலை வைத்துத் தோட்டத்துக்கு யாராவது விலை பேசுவார்களா? சில டிவிடெண்டுகளும் அப்படித்தான். சுரங்கக் கம்பெனியான வேதாந்தா 2022-23ஆம் நிதியாண்டில் பங்கு ஒன்றுக்கு 101.50 ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு 29.50 ரூபாய். முந்தைய தொகையைப் பார்த்து வாங்கியவர் கணக்கு என்ன ஆகியிருக்கும்! அதனால் ஒரு வருடத்தைப் பார்க்காதீர்கள். ஐந்தாறு வருடம் தொடர்ந்து வந்ததா, லாபத்திலிருந்து வந்ததா, கடன் ஏறிக்கொண்டே கொடுத்ததா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நல்ல கம்பெனியானாலும் டிவிடெண்ட் நிற்கலாம். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், வங்கிகள் மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் லாபத்திலிருந்து டிவிடெண்ட் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது. வீட்டுச் செலவுக்கு அதை எதிர்பார்த்திருந்தால் என்ன செய்வீர்கள்?

ஆகவே செலவுக்கான பணம் வேறிடத்தில் இருக்கட்டும். 60 தாண்டிவிட்டதால் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வீதத்தில் 5 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய். போடும் நாளில் உள்ள வீதம் ஐந்து வருடத்துக்கு மாறாது; பிறகு மூன்று வருடம் நீட்டிக்கலாம். உங்கள் கன்று வெட்டுக்கு வரும்வரை காணும். கன்றுக்கு இடையில் அன்னாசி போடக் குத்தகைக்குக் கொடுத்தால் அதுவும் ஒரு டிவிடெண்ட்தான்!

மிச்சம் 3 லட்சத்தைப் பங்கில் போடுங்கள், ஒரே நாளில் அல்ல. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்கும் கீழே போனது. நடுவில் 15,000க்கு வந்தபோதே ‘அடிமட்டம்’ என்று மொத்தமாக இறங்கியவர்கள் உண்டு. மாதம் முப்பதாயிரமாகப் பத்து மாதம், ஐந்தாறு வேறு வேறு தொழில்களில் பிரித்து வாங்குங்கள்.

“200 சதவீதம் டிவிடெண்ட்” என்ற செய்தியைக் கண்டு மயங்க வேண்டாம். அது முகமதிப்பின் மேல், அதாவது சந்தை விலை அல்லாமல் பங்குக்குக் கம்பெனி குறித்திருக்கும் அடிப்படை மதிப்பின் மேல் சொல்வது. ஒரு ரூபாய் முகமதிப்பு என்றால் கிடைப்பது இரண்டே ரூபாய். பதிவுத் தேதிக்கு (அன்று பங்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் டிவிடெண்ட்) முந்தின நாள் வாங்கி டிவிடெண்டைப் பிடித்துவிட்டு மறுநாள் விற்கும் யோசனையும் வேண்டாம். அநேகமாக அந்த அளவுக்கு விலை இறங்கித்தான் திறக்கும், வரி வேறு.

வரி என்றதும் ஒன்று. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் வாங்குபவர் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி. ஒரு கம்பெனியிலிருந்து வருடம் 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். மகன் நல்ல சம்பளக்காரர் என்றால், பணத்தை அவருக்குக் கொடுத்து அவர் பெயரில் வாங்கினால் அவர் வரி வீதம்தான் விழும். பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கை உங்கள் பெயரிலேயே திறந்து, மகனை நாமினியாகப் போடுங்கள்.