அம்மாவுக்கு வீட்டில் சர்க்கரை பார்க்க எந்தக் குளுக்கோமீட்டர் வாங்கலாம்? லேப் அளவும் மெஷின் அளவும் வேறுபட்டால் எதை நம்புவது?

உங்கள் தாயாருக்கு வயது 64, மாத்திரை சாப்பிடுகிறார், வெறும் வயிற்றில் லேபில் 148 வந்த அதே காலையில் பக்கத்து வீட்டு மீட்டர் 165 காட்டியது, ஆகவே இந்த மெஷின்களையே நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம். குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197, அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சர்க்கரை 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போது நூற்றில் 95 முடிவுகள் ஆய்வக அளவுக்கு 15 சதவீதம் மேலே கீழே அமைந்தால் போதும் என்கிறது. 100க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் வரை வேறுபடலாம். உங்கள் தாயாரின் 148க்கு இந்தக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 126 முதல் 170 வரை எந்த எண் வந்தாலும் அந்த மெஷின் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

ஒத்துப்பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. வெறும் வயிற்றில், லேபில் நரம்பில் ரத்தம் எடுத்த ஓரிரு நிமிடங்களுக்குள் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனென்றால் உணவுக்குப் பின் விரல்நுனி ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, கை நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் இருப்பதைவிட இயல்பாகவே அதிகமாக இருக்கும். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் குறைவு என்பது தெரிந்ததுதான். ஆகவே தாயாருக்கு அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எதை வாங்குவது என்பதற்கு நான் சொல்லும் பதில், மெஷினைப் பார்க்காதீர்கள், அதில் செருகி ரத்தத்துளி வைக்கும் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள் என்பதே. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரியும் நொதி ஸ்ட்ரிப்பில்தான் இருக்கிறது. அங்கே உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை எண்ணாக மாற்றுவது மட்டுமே பெரும்பாலான மெஷின்களின் பணி. செலவும் அதில்தான் இருக்கிறது. மெஷினை ஒருமுறை வாங்கினால் போதும், ஸ்ட்ரிப்பை வாழ்நாள் முழுவதும் வாங்க வேண்டும், ஒரு நிறுவனத்தின் ஸ்ட்ரிப் மற்றொன்றின் மெஷினில் வேலை செய்யாது. எனவே உங்கள் தெரு மருந்துக் கடையில் எந்த ஸ்ட்ரிப் தடையில்லாமல் கிடைக்கிறது, ஒன்றின் விலை என்ன, டப்பாவைத் திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் ஆகிய மூன்றையும் முதலில் விசாரியுங்கள். சில வகைகள் திறந்த மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பதால், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் பார்ப்பவர் 50 ஸ்ட்ரிப் டப்பாவை மலிவு என்று வாங்கினால் ஒரு பகுதியை எறிய நேரும். அவருக்கு 25 போதும். எண்கள் பெரிதாகத் தெரிகின்றனவா, ஸ்ட்ரிப்பை அம்மாவே விரலால் எடுத்துச் செருக முடிகிறதா என்பதைக் கடையிலேயே அவரை விட்டுச் செய்யச் சொல்லிப் பாருங்கள். பேச்சு வசதி, கைப்பேசி இணைப்பு போன்றவை இருந்தால் இருக்கட்டும். அவற்றுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

ஸ்ட்ரிப்பைக் கெடுப்பவை ஈரமும் வெப்பமும். பெரும்பாலானவற்றின் அட்டையில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள்; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அடுப்படி அலமாரியும் காரின் உட்புறமும் அதைத் தாண்டிவிடும். ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால் ஃபிரிட்ஜும் கூடாது. வீட்டில் குளிர்ச்சியான உள் அறையில், அதன் சொந்த டப்பாவிலேயே, மூடியை உடனுக்குடன் அழுத்தி மூடி வையுங்கள்.

குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. பழம் உரித்த கையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுச் சோதித்தபோதும் அளவு பொய்யாக ஏறியதையும், தண்ணீரில் கழுவியபோது சரியானதையும் 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்துகாட்டினார்கள். விரல்நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறையும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியாமல், கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து மெதுவாக நீவிவிடுங்கள். குத்தும் பேனாவையும் ஊசியையும் ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமி அந்த வழியாகவும் பரவும்.

எத்தனை முறை பார்ப்பது என்பது மருந்தைப் பொறுத்தது. என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், ஆகவே அவருக்குத் தினமும் பார்க்கிறோம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடும் எனக்கு அது தேவையில்லை. ஆனால் பார்க்கிற அன்று இரட்டையாகப் பார்ப்பேன். உணவுக்கு முன் ஒன்று, முதல் வாய் உண்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. காலையில் மட்டும் பார்த்துவிட்டு நல்லது கெட்டது என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அந்த எண் முந்தைய இரவைப் பற்றியும் அப்போது கல்லீரல் வெளிவிட்ட சர்க்கரையைப் பற்றியும் சொல்லுமே தவிர, நாம் என்ன சாப்பிட்டதால் ஏறியது என்று சொல்லாது. இரட்டையாகப் பார்த்தபோதுதான், நல்லது என்று நம்பி நான் குடித்துவந்த கேழ்வரகுக் கூழ் அளவாகச் சாப்பிட்ட இட்லியைவிட எனக்கு அதிகமாக ஏற்றுகிறது என்பதும், இரவுச் சோற்றுக்குப் பதிலாக நான்கு சப்பாத்தி சாப்பிடுவதால் பெரிய வேறுபாடு ஏதும் இல்லை என்பதும் தெரிந்தன. உங்கள் தாயாரின் உடல் வேறு விதமாக இருக்கலாம். அதை அவருடைய மீட்டர் சொல்லும். பொதுவாக உணவுக்கு முன் 80 முதல் 130, உணவுக்குப் பின் 180க்குள் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூறும் இலக்கு. வயது, மற்ற நோய்கள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் இதைத் தளர்த்துவார். மெஷினில் தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்து, என்ன உண்டார் என்பதை நோட்டில் எழுதிக் கொண்டுபோனால் மூன்று மாதச் சராசரிச் சோதனை (எச்பிஏ1சி) காட்டாத பலவற்றை மருத்துவர் அதில் காண்பார்.

கையில் ஒட்டும் சென்சார் சுமார் இரண்டு வாரம் தொடர்ந்து அளந்து காட்டும், இன்சுலின் போடுபவர்களுக்கு அது பெரிய உதவி. உங்கள் தாயாருக்கு இப்போது அவசியமில்லை. குத்தாமலே சர்க்கரை சொல்வதாக விற்கும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் வாங்கவே வேண்டாம். அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

மாத்திரைப் பட்டையில் கிளிமிபிரைடு என்ற பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், வீட்டில் மீட்டர் இருக்க வேண்டியதற்கு அதுவே முதல் காரணம், ஏனென்றால் அந்த மாத்திரை சாப்பிட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். உணவின் மாவுச்சத்தும் சர்க்கரையும் செரிப்பதைத் தாமதப்படுத்தும் வோக்ளிபோஸ் சேர்ந்த மாத்திரை என்றால் வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். ஆகவே மெஷினுடன் ஒரு பாக்கெட்டையும் வாங்கி அதன் பக்கத்திலேயே வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.