வாசகர் கேள்வி: ஃபோஸ்டெமில் எந்த உரைக்குப் போவது?

கேள்வி: பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபோஸ்டெம் திறமூல மென்பொருள் மாநாட்டுக்கு முதன்முறையாகப் போகிறேன். இரண்டே நாள்தான். அட்டவணையைப் பார்த்தால் ஒரே நேரத்தில் பல அறைகளில் உரைகள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: உரையைத் தேடாமல் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபோஸ்டெமுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. எந்த அறைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று யாராலும் கணிக்க முடியாது. மாநாட்டின் பெரிய அரங்கான ஜான்சனில் 1,400 பேருக்கு மேல் உட்காரலாம், அங்கே கவலையில்லை. சிக்கல், ஒரு நிரல்மொழிக்கோ ஒரு துறைக்கோ ஒதுக்கப்படும் சிறிய அறைகளில்தான். சிலவற்றில் நூறு பேர்கூட உட்கார முடியாது. இருக்கை நிறைந்ததும் தன்னார்வலர்கள் கதவில் 'ஃபுல்' என்ற தாளைக் காட்டிவிடுவார்கள். தீப் பாதுகாப்புக்காக நடைபாதையில் நிற்கவும் விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை.

ஆகவே, கட்டாயம் கேட்க வேண்டிய உரை 11 மணிக்கு என்றால், அதற்கு முந்தைய உரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். ரஸ்ட், கோ போன்ற நிரல்மொழிகளின் அறைகளுக்கு இது மிக அவசியம். கட்டடம் மாற வேண்டியிருந்தால் கூட்டத்துக்குள் பத்து நிமிடம் போய்விடும். அரை மணி உரைகளுக்கு நடுவே அப்படி ஓடினால் முதல் உரையின் முடிவும் போகும், அடுத்ததன் தொடக்கமும் போகும்.

தவறவிட்டவற்றை நினைத்து வருந்த வேண்டாம். உரைகள் பதிவாகின்றன, பின்னர் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பார்வையாளர் கேட்கும் கேள்வியைப் பேச்சாளர் ஒலிவாங்கியில் திருப்பிச் சொல்லாவிட்டால், காணொளியில் பதில் மட்டுமே கேட்கும். உரை முடிந்து வாசலுக்கு வெளியே நடக்கும் பேச்சோ காணொளியில் இருக்கவே இருக்காது. நேரில் போவதன் முழுப் பலனே அங்கேதான். உரையில் பேசப்பட்ட நிரலை எழுதியவரிடமே உங்கள் சந்தேகத்தைக் கேட்டுவிடலாம். கேள்வியை முன்கூட்டியே இரண்டு வரியில் எழுதி வைத்திருங்கள்.

கேள்வி: அங்குள்ள வைஃபையில் அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இணையாது என்கிறார்களே?

பதில்: 'ஃபோஸ்டெம்' என்ற பெயரில் தெரியும் வைஃபை, ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரியை மட்டுமே தரும். பழைய வகையான ஐபிவி4 முகவரி மட்டும் உள்ள தளங்களுக்குப் பெயர் வழியாகப் போனால், பெயருக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சேவையின் ஒரு வசதியான டிஎன்எஸ்64 அதற்கொரு ஐபிவி6 முகவரியை உருவாக்கிக் கொடுத்துவிடும், வேலை நடக்கும். விபிஎன் அமைப்பில் சர்வரின் பெயருக்குப் பதிலாக ஐபிவி4 எண்ணையே எழுதியிருந்தால் டிஎன்எஸ் பக்கமே போகாது, இணைப்பு நின்றுவிடலாம். அப்போது 'ஃபோஸ்டெம்-ஏன்ஷியன்ட்' என்ற இன்னொரு வைஃபைக்கு மாறுங்கள். அதில் ஐபிவி4 உண்டு.

மின்சாரத்தையும் யோசியுங்கள். நம்மூர் லேப்டாப்பின் மூன்று முள் பிளக் பெல்ஜியம் சாக்கெட்டில் நுழையாது, அடாப்டர் தேவை. இரண்டு முள் போன் சார்ஜர் அப்படியே பொருந்தும். இருக்கை அருகே சாக்கெட் கிடைப்பது அரிது என்பதால் பவர் பேங்க் எடுத்துச் செல்லுங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.