திருநெல்வேலியில் ரோட்டோரம் தங்குகிறவர்களுக்கு உதவ ஆள் நிறைய இருக்கிறோம், ஒருங்கிணைப்பு இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால், படிப்பு முடித்த பிள்ளைகள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிற குழு என்று தெரிகிறது. ஆளாளுக்கு பைக், ஒரு வாட்ஸ்அப் குரூப், நல்ல மனசு. அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நீங்கள் பொட்டலம் கொடுத்தவர்களில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சோறு போடுவதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் கொடுக்கிறவன்தான். ஆனால் நம்ம ஊரில் சோற்றுக்கு அவ்வளவு பஞ்சமில்லை. கோயில் அன்னதானம் இருக்கிறது, அம்மா உணவகம் இருக்கிறது, முகூர்த்த நாளில் மண்டபங்களில் மிஞ்சியது வண்டியில் வருகிறது. ஜங்ஷன் பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள், கண்ணில் படுகிற ஒரே ஆளுக்கு மூன்று குழு கொடுக்கும். ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே இருட்டில் எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிறவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. சோற்றுக்கு அடுத்த வேலைக்குத்தான் ஆளில்லை. புண்ணைப் பார்க்க, ஆஸ்பத்திரியில் சேர்க்க, சேர்த்தபிறகு கூட இருக்க, டிஸ்சார்ஜ் ஆனால் எங்கே கூட்டிப்போவது என்று முடிவு செய்ய யாரும் இல்லை.

நான் சமூக சேவகர் இல்லை. வண்ணார்பேட்டையில் சின்னதாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு விளம்பரம் தேடுகிறான் என்பார்கள், அதனால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை.

இதில் நான் இறங்கியதற்கு ஒரு ஆச்சி காரணம். ஜங்ஷன் பக்கம் மூடிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டரை ஒட்டிப் படுத்திருப்பார். யாரிடமும் கை நீட்ட மாட்டார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஒரு நாள் கடை திறக்கிற நேரத்தில் அந்தத் தெருவைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர் அக்கா வந்து, “அண்ணாச்சி, அந்த ஆச்சி ரெண்டு நாளா எந்திரிக்கல. காலுல இருந்து வாடை வருது, என்னன்னு பாருங்க” என்றார். போய்ப் போர்வையை விலக்கினால் கணுக்காலுக்கு மேலே பெரிய புண், புழு வைத்திருந்தது. தலைமாட்டில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலங்கள். கொண்டுவந்து வைத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். தூங்குகிறார் என்று நினைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். புழு வைத்த புண்ணுக்கு டர்பன்டைன் எண்ணெய் விட்டுப் புழுவை வெளியே வரவைத்து எடுப்பார்கள். யூடியூபில் பார்த்துவிட்டு அதை ரோட்டில் வைத்து நீங்கள் செய்யாதீர்கள். உள்ளே எவ்வளவு ஆழம், சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாமல் தொடக்கூடாது. 108-க்குத்தான் சொல்ல வேண்டும். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியிலும் சேர்த்தார்கள். அப்புறம்தான் வந்தது அந்தக் கேள்வி: “கூட யாரு?” வார்டில் ஒரு நர்ஸம்மா எத்தனை கட்டிலைப் பார்ப்பார்? ஆச்சியை பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும், கஞ்சி கொடுக்க வேண்டும், ஸ்கேனுக்கு வீல்சேர் தள்ள வேண்டும். அதெல்லாம் சொந்தக்காரர் செய்கிற வேலை என்றுதான் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள் எல்லாமே நடக்கின்றன. பகலில் எனக்குத் தெரிந்த ஒரு ஆட்டோக்காரத் தம்பியின் வீட்டம்மா இருந்தார். ராத்திரிக்கு என் மதினி போனார்கள். நடுவில் அந்தத் தூய்மைப் பணியாளர் அக்காவும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார். பொட்டலம் கொடுத்த குழுக்களிடம் ஆள் கேட்டேன். கைகூப்புகிற படம் நிறைய வந்தது, ஆள் வரவில்லை.

டிஸ்சார்ஜ் என்று சொன்ன அன்றுதான் உண்மையான சிக்கல். புண் பாதி ஆறியிருக்கிறது, நடக்க முடியாது. வீடில்லாதவர்கள் தங்குகிற காப்பகத்தில் கேட்டால், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவரைத்தான் எடுக்க முடியும் என்றார்கள். ஒரு முதியோர் இல்லத்தில் இடம் இருந்தது, ஆனால் போலீஸ் கடிதம் வேண்டும், ஆதார் வேண்டும் என்றார்கள். ஸ்டேஷனில் போய்க் கேட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தால்தான் கடிதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில், எங்கே போகிறார் என்று சொன்னால் எழுதித் தருகிறோம் என்றார்கள். செக்குமாடு மாதிரி சுற்றினோம். ஒவ்வொருவரும் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். காப்பகத்தில் ராத்திரிக்கு ஒரே பணியாளர், அவர் எப்படிப் படுக்கையில் கிடக்கிறவரைப் பார்ப்பார்? இல்லத்துக்காரர்கள் பேர் ஊர் தெரியாத ஆளை எடுத்து, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

கடைசியில் வேலை முடிந்தது எப்படி என்றால், எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க வைத்ததால்தான். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர், ஸ்டேஷன் ரைட்டர், காப்பகத்து மேற்பார்வையாளர், இல்லத்து மேலாளர். ஒரு காலை நேரம், வார்டு வராந்தாவில், ஒரு தாளில் யார் எதை எந்த வரிசையில் எழுதித் தருவது என்று பேசி முடித்தோம். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தத் தாளைத்தான் இன்றைக்கும் வைத்து வேலை செய்கிறோம். அடுத்த ஆளுக்கு நாங்கள் அலையவே இல்லை. நீங்கள் ஒருங்கிணைப்பு என்று கேட்கிறீர்களே, எனக்குத் தெரிந்து அது இதுதான். பெரிய கூட்டம், பேனர், தலைமை விருந்தினர் எதுவும் வேண்டாம். அந்த நாலைந்து பேருடைய நம்பரும், யார் கையெழுத்துக்கு அப்புறம் யார் கையெழுத்து என்கிற வரிசையும் உங்களிடம் இருக்க வேண்டும்.

ஆச்சியின் ஊர் எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டால் “மேக்க” என்று மட்டும் சொல்வார். அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி எல்லாமே நமக்கு மேக்கதானே. மதினிதான் கவனித்தார்கள், ஆச்சிக்கு நினைவு தடுமாறுகிற நேரத்தில் சுளவு எங்கே, இலை நனைத்தாயா, தூள் குறைச்சலாக இருக்கிறது என்று யாரையோ திட்டுவார். வாழ்நாள் முழுக்கப் பீடி சுற்றிய கை. அந்தப் பக்கத்துப் பீடிக் கடைகளில் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஊரில் ஒவ்வொரு பெண்ணையும் தெரியும், பாஸ்புத்தகம் அவர்கள் கையில்தான். ஆட்டோத் தம்பிக்குத் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து விசாரித்தோம், அவர் இன்னொருவரிடம் கொடுத்தார், இப்படிப் போய் அண்ணன் மகன் ஒருவர் கிடைத்தார். வந்தார், அழுதார், அத்தையைக் கூட்டிப்போகிறேன் என்றார். ஆச்சி போக மறுத்துவிட்டார். வீடு விற்ற கதை ஏதோ இருக்கிறது, அதை நான் கிளறவில்லை. இல்லத்தில்தான் இருக்கிறார். அண்ணன் மகன் ஆதார், ரேஷன் கார்டு நகல் கொண்டுவந்து கொடுத்தார், மாதம் தவறாமல் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். வீட்டோடு சேர்த்துவைத்தால்தான் வெற்றி என்று நினைத்துக்கொண்டு யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

இதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்தோம், ஒரு பெயருக்கு ஒரு ஆள். ரோட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் எங்களில் ஒருவர் பொறுப்பு. யார் வேண்டுமானாலும் உதவலாம், ஆனால் பொறுப்பானவருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கோ இல்லத்துக்கோ அனுப்பக் கூடாது. சாதாரண நோட்டுத்தான். பெயர், எங்கே படுக்கிறார், எந்த மொழி, என்ன உடம்புக்கு, எந்த மாத்திரை, கடைசியாக யார் எப்போது பார்த்தது. போட்டோ எடுப்பதில்லை. ஆள் தேடுவதற்குத் தேவைப்பட்டால் மட்டும் கேட்டுவிட்டு ஒன்று எடுப்போம், அது குரூப்பில் போகாது. குளித்துவிட்டு முடிவெட்டிய படத்தை முன்னே பின்னே என்று சேர்த்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உங்கள் வீட்டு ஆச்சியை அப்படிப் போடுவீர்களா?

மொழி பற்றிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தாதர், பிலாஸ்பூர், ஜாம்நகர் ரயில்களுக்கெல்லாம் கடைசி நிலையம் நம்ம ஜங்ஷன்தான். மனநிலை சரியில்லாமல் எங்கேயோ ஏறியவர்கள் ரயில் நிற்கிற இடத்தில் இறங்கி இங்கேயே சுற்றுகிறார்கள். எங்களுக்கு இந்தி தெரியாது. பானிபூரிக் கடைத் தம்பி ஒருவர்தான் பேசிக் கேட்டுச் சொல்கிறார். அவர் பேசி ஒருவருடைய ஊரும் தம்பியின் போன் நம்பரும் ஒரே சாயங்காலத்தில் கிடைத்தது.

மனநலம் பாதித்தவர் என்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆவது பிரிவு. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் சுற்றித் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு வீட்டாரைத் தேட வேண்டும். இதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்ப் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள். சட்டம் பேசுகிறாயா என்று முறைத்தவர்களும் உண்டு, உடனே அவர்களே ஜீப் அனுப்பியதும் உண்டு. முதியவர்கள் விஷயத்துக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தை என்றால் யோசிக்காமல் 1098.

நோட்டால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு 2023 டிசம்பரைச் சொல்வேன். 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடாமல் பெய்தது, அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. தாமிரபரணிப் படித்துறைகளிலும் குறுக்குத்துறைப் பக்கமும் யார் யார் படுக்கிறார்கள் என்று நோட்டில் இருந்தது. காது கேட்காதவர் யார், நடக்க முடியாதவர் யார் என்பதும் இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் அவர்களை மேட்டுக்கு ஏற்றினோம். பேர் சொல்லாமல் அதட்டினால் போலீஸ் விரட்டுகிறது என்று நினைத்து இன்னும் உள்ளே போய்விடுவார்கள். மறுநாள் ஜங்ஷனும் கொக்கிரகுளமும் தண்ணீரில் கிடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள்.

இதைச் செய்வதால் எனக்கு வருகிற பேச்சையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக்காரனுக்கு என்ன, கொள்ளை லாபம், அதில் கொஞ்சம் புண்ணியம் தேடுகிறான் என்று முகத்துக்கு நேரே சொன்னார் ஒருவர். ஆப்பில் இருபது சதவீதம் தள்ளுபடி, நீ ஏன் தரமாட்டேன் என்கிறாய் என்று தினமும் சண்டை. ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஷட்டரைத் தட்டும்போது ஆப் வருமா? வாடகை, மருந்தாளுநர் சம்பளம், காலாவதியான மருந்தைத் திருப்பி எடுக்காத கம்பெனி, கடன் சொல்லிவிட்டுத் தெருவையே மாற்றிக்கொண்டு போகிறவர்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் சின்னக் கடைகள் ஓடுகின்றன. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அரசாங்கம் செய்ய வேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்” என்றும் கேட்பார்கள். அரசாங்கம்தான் செய்ய வேண்டும், சந்தேகமே இல்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகளிலும் அது இருந்தது, தலைக்கு 50 சதுர அடி இடம் என்பது வரை எழுதியிருந்தார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே நம்ம மாநகராட்சியில் நாலே முக்கால் லட்சம் பேர் இருந்தோம். அப்படியென்றால் நாலைந்து காப்பகங்கள் வேண்டும், பெண்களுக்குத் தனியாக வேண்டும், படுக்கையில் கிடக்கிறவரைப் பார்க்க ஆளும் வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். “நிறையப் பேர் இருக்கிறார்கள்” என்று சொன்னால் பார்க்கலாம் என்பார்கள். இன்ன இடத்தில், இன்ன உடல்நிலையில், இத்தனை பெண்கள் என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். விடிகாலையில் உங்கள் வார்டில் தூய்மைப் பணியாளர்களுக்கு மஸ்டர், அதாவது வருகைப் பதிவு, எடுக்கிற இடத்துக்குப் போங்கள். எல்லாருக்கும் டீ சொல்லுங்கள். எந்தத் தெருவில் யார் படுக்கிறார்கள், யார் புதுசு, யார் எழுந்திருக்காமல் கிடக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதும் இல்லை. புரட்டாசி முடிவதற்குள் நோட்டு தயாராகிவிட வேண்டும். ஐப்பசி பிறந்தால் மழை வந்துவிடும்.