மூன்று பக்கமும் நாலு வரியும்

அன்புள்ள ஐயா,

மனநல மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மனச்சோர்வு மருந்தாய்வுக் கட்டுரை ஒன்று, வெளியிடலாமா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு மருத்துவ இதழிலிருந்து மதிப்பீட்டுக்காக என் பேராசிரியருக்கு வந்தது. "நீ எழுதிக் கொடு, நான் அனுப்பிவிடுகிறேன்" என்று என்னிடம் தந்துவிட்டார். புள்ளியியலில் நான் சுமார்தான். எத்தனை பக்கம் எழுதவேண்டும்? ஏற்கலாமா, நிராகரிக்கலாமா என்று எப்படி முடிவெடுப்பது?

ர.

அன்புள்ள ர.,

பக்கக் கணக்கை விடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் எடிட்டர் பாடு. ஆனால் அந்த 'நான் அனுப்பிவிடுகிறேன்' இருக்கிறதே, அது தப்பு. மதிப்பீட்டுக்கு வரும் கட்டுரை ரகசியம். எடிட்டரைக் கேட்காமல் உங்களிடம் தந்திருக்கக்கூடாது. உங்கள் பெயரையும் சேர்க்கும்படி எடிட்டருக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இதைக்கூடக் கேட்க வாய் வராதவர், முகம் தெரியாத ஒருவரின் ஆய்வில் என்ன குறை சொல்லிவிடப் போகிறீர்கள்?

போன வாரம் பழைய கோப்புகளில் என் முதல் மதிப்பீடு அகப்பட்டது. அதுவும் மனச்சோர்வு மருந்துதான். மூன்று பக்கம்! இங்கே காற்புள்ளி, அங்கே பழைய மேற்கோள், என் ஆசிரியரின் கட்டுரையையும் சேர்க்கலாமே என்று. (வெட்கம்தான்.) இன்னொரு மதிப்பீட்டாளர் எழுதியது நாலே வரி. ஆய்வைத் தொடங்குமுன் அதன் திட்டத்தைப் பதிந்துவைக்கும் ஆய்வுப் பதிவேட்டில் முதன்மை விளைவாக, அதாவது மருந்தின் பலனைத் தீர்மானிக்கும் முக்கிய அளவாகச் சொன்னது பன்னிரண்டாம் வார ஹாமில்டன் மதிப்பெண் (மனச்சோர்வின் கடுமையைக் காட்டும் எண்). கட்டுரையில் அது மூன்றாம் அட்டவணையின் அடியில் கிடக்கிறது, ஏன் என்று கேட்டிருந்தார். எடிட்டர் இரண்டையும் எனக்கு அனுப்பியிருந்தார். என்னுடையதை மறுபடி படிக்கவே கூசியது.

பத்து அளவுகோல்களால் அளந்தால் ஒன்றாவது தற்செயலாக நன்றாக வந்துவிடக்கூடும். அதை முன்னால் நிறுத்துவது, அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுகிற வேலை. 2001-இல் வெளியான 'ஆய்வு 329' நினைவிருக்கிறதா? 275 வளரிளம் பருவத்தினர். பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து பலன் தருகிறது, பாதுகாப்பானது என்றது கட்டுரை. திட்டத்தில் முதன்மையாகக் குறித்திருந்த அளவுகளில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் பொருட்படுத்தும்படியான வேறுபாடே இல்லை. 2015-இல் மூலத் தரவை மறுபடி அலசியவர்கள், பலன் இல்லை, தீங்குதான் கூடியது, தற்கொலை எண்ணம் உட்பட, என்றார்கள். அந்தக் கட்டுரையும் மதிப்பீட்டைத் தாண்டி வந்ததுதான்.

அன்று ஆய்வை முன்கூட்டிப் பதிவேட்டில் பதிவது கட்டாயமில்லை. 2005-இலிருந்து முக்கிய மருத்துவ இதழ்கள் பதிவு செய்யாத மருந்தாய்வை ஏற்பதில்லை. ஆக பதிவேட்டைப் பார்க்காமல் விட உங்களுக்குச் சாக்கு கிடையாது. புள்ளியியல் சுமார் என்றால் எடிட்டருக்கான தனிக் குறிப்பில் அப்படியே எழுதிவிடுங்கள். வேறொருவரைப் பார்க்கச் சொல்வார், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

கட்டுரையில் எங்காவது பதிவு எண் இருக்கும். அதைத் தேடிப் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். சுருக்கத்தை அப்புறம் படிக்கலாம்.